இடது காது

முதலாளி சக்கரவர்த்தியின் விசைத்தறிக் கூடத்துக்குள் விடியற்காலையில் நுழைகிறவர்களுக்கு முதலில் நெஞ்சு அதிரும், பிறகுதான் காது அடைக்கும். முப்பத்திரண்டு தறிகள் ஒன்றாக அடிக்கும்போது, மூலையில் இருக்கும் தண்ணீர்க் குடத்தில்கூட வட்டம் வட்டமாக அலை எழும். தகரக் கூரை முந்தின நாள் வெயிலை இன்னும் இறக்கி வைத்திருக்காது. எண்ணெய் வாசனையும் நூல் தூசியும் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆரணிச் சேலை என்றால் கைத்தறி என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இந்தச் சந்தில் ஓடுவது விசைத்தறி, நெய்வது செயற்கைப் பட்டு.

பரிமளா தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தன் நான்கு தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தாள். ஊடை நூலைச் சுமந்து நெடுக ஓடும் பாவு நூலுக்குக் குறுக்கே பாயும் மரக்கட்டைக்கு நாடா என்று பெயர். அதன் இரண்டு முனையிலும் இரும்புக் கூர். நாடாவுக்குள் இருக்கும் நூல் தீரத் தீர மாற்ற வேண்டும். இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். கவனிக்காமல் விட்டால் சேலையில் கோடு விழும், கூலியில் பிடித்தம் விழும்.

பொங்கல் வரைக்கும் ஆளுக்கு இரண்டு தறிதான். அதற்கப்புறம் முதலாளி மீட்டர் கூலியைக் குறைத்துவிட்டு, "நாலு ஓட்டுங்க, பழைய கூலி கைக்கு வந்துடும்" என்றார். ஒரே நேரத்தில் நான்கு தறிகளைப் பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாது. ஷிப்டில் மிஞ்சிய எட்டுப் பேரும் தாமாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். முன்னால் இருக்கும் இரண்டைக் கண்ணால் ஓட்டுவது, முதுகுக்குப் பின்னால் இருக்கும் இரண்டைக் காதால் ஓட்டுவது. இழை அறுந்தால் தறியின் குரல் மெலியும். நாடா தடம் மாறப்போகிறதென்றால் அடி பிசகும். அந்தப் பிசகைக் கேட்டதும் உடம்பு தானாக ஒதுங்கிக்கொள்ளும்.

இந்தச் சமயத்தில்தான் பானுப்ரியா மேடம் சென்னையிலிருந்து வந்தாள். மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆராய்ச்சிக்காரி, முப்பது வயது இருக்காது. தறிச் சத்தத்தால் காது கெடாமல் இருக்கத் தொழிலாளர்களிடம் என்ன பழக்கத்தை உண்டாக்கலாம் என்பது அவள் ஆராய்ச்சி. ஆரஞ்சு நிறத்தில் ரப்பர் அடைப்பான்கள் கொண்டுவந்தாள்; கூடத்தில் அதற்குப் பிளக்கு என்று பெயர். "கேட்கும் திறன் போனா திரும்ப வராதுங்க. ரெண்டு காதுலயும் வைக்கணும், வேலை முடியற வரைக்கும் எடுக்கக் கூடாது" என்று படம் போட்டு விளக்கினாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

"காதுக்குப் பூட்டு போட வந்துகீறாங்கப்பா. வாய்க்கு மொதலாளி ஏற்கெனவே போட்டுட்டாரு" என்றார் குமரேசன். கூடத்தில் மூத்தவர் அவர். தறி நிற்கும் நேரமெல்லாம் அவர் வாய் ஓடும்.

பரிமளா மாலை வகுப்பில் பிளஸ் டூவுக்குப் படிக்கிறவள். அதனால் மேடம் அவளையே 'நலத்தோழி' ஆக்கினாள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு அட்டை கொடுத்தாள். மணிக்கொரு தரம் சுற்றி வந்து, யார் யார் காதில் அடைப்பான் இருக்கிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். பரிமளா அதை ஒழுங்காகச் செய்தாள். எதையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, சரியாகத்தான் செய்தோமா என்று நூறு தரம் யோசிக்கிறவள் அவள்.

ஆனால் தன் காதை மட்டும் அவள் குறிக்கவில்லை.

முதல் வாரம் இரண்டு காதிலும் வைத்திருந்தாள். பின்னால் இருந்த தறியில் இழை அறுந்தது கேட்கவில்லை. முழங்கை நீளத்துக்குக் கோடு விழுந்து, பாதிச் சேலைக் கூலி போயிற்று. அன்றிலிருந்து இடது காதுக்கு அடைப்பான் இல்லை. தலைத்துண்டை அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்த்திக் கட்டினால் யாருக்கும் தெரியாது.

"சில பேர் ஏன் வைக்க மாட்டேங்கறாங்க பரிமளா? உறுத்துதா, மறந்துடறாங்களா?" என்று மேடம் ஒருநாள் கேட்டாள்.

நான்கு தறி ஓட்டுகிறவளுக்கு ஒரு காது திறந்திருக்க வேண்டும் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவ்வளவு படித்தவர்கள் இதை யோசிக்காமலா இருப்பார்கள்? நாம் சொல்லித் தப்பாகிவிட்டால்?

"மறந்துடறாங்க மேடம். போகப் போகப் பழகிடும்."

யாருக்குப் பழகியதோ இல்லையோ, பொன்னம்மாளுக்குப் பழகிவிட்டது. அடுத்த வரிசைத் தறிக்காரி அவள், நாற்பதைத் தாண்டியவள். "ராத்திரி படுத்தா காதுக்குள்ள தறி ஓடிகினே இருக்கும் பரிமளா. இப்ப நின்னுடுச்சி. நீ நல்லா இருக்கணும்டி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தம் விழாமல் இருக்க நான்கையும் கண்ணாலேயே பார்த்தாள். நாள் முழுக்கப் பம்பரமாகச் சுற்றினாள். பரிமளா பக்கத்தில் வரும்போதெல்லாம் இரண்டு காதையும் மாற்றி மாற்றிக் காட்டிச் சிரிப்பாள்.

அமாவாசைக்கு முந்தின நாள் காலை, பொன்னம்மாள் குனிந்து ஒரு தறியில் நூல் மாற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த தறியின் அடி பிசகியது. சட்... சட்... பரிமளாவின் இடது காது அதைக் கேட்டது.

"க்கா! பின்னால!"

கூடத்தில் எல்லோரும் திரும்பினார்கள். பொன்னம்மாள் மட்டும் திரும்பவில்லை. வேலை முடித்து அவள் நிமிர்ந்து திரும்பியபோது நாடா வந்து இடது கண்ணில் இறங்கியது. நாடா வெளியே பாயாமல் தடுக்க முன்பு ஒவ்வொரு தறியிலும் ஒரு கம்பி இருந்தது. நான்கு தறி வந்ததும், நூல் மாற்ற இடைஞ்சல் என்று முதலாளி அதைக் கழற்றச் சொல்லியிருந்தார். கழற்றிய கம்பிகள் மூலையில் துருப்பிடித்துக் கிடந்தன.

ஆட்டோவில் ஏற்றியபோது அவள் காதுகளில் அடைப்பான்கள் அப்படியே இருந்தன. ஒன்று சிவந்திருந்தது.

சாயங்காலம் சக்கரவர்த்தி பரிமளாவை அறைக்குக் கூப்பிட்டார். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்கும் செய்தி வந்திருந்தது. கட்டுப் பிரிக்கும்வரை பார்வை இருக்குமா இருக்காதா என்று சொல்ல முடியாதாம்.

"ஏம்மா பரிமளா, மேடம் கேட்டா இன்னா சொல்லப் போற?"

"நடந்ததை, மொதலாளி."

"நடந்தது இன்னா? பொன்னம்மா துண்டுக்குள்ள போனை வெச்சிகினு பாட்டு கேட்டுகினு இருந்துச்சி. தறிக்குக் குறுக்க நிக்காதன்னு நான் சொல்லாத நாளு உண்டா? எல்லாம் அவங்கவங்க பழக்கவழக்கந்தான்னு மேடமே சொல்றாங்க. நீ சொன்னா அவங்க எழுதிக்குவாங்க. படிக்கிற பொண்ணு, நாளைக்கு என் ஆபீஸ்லயே கணக்கு எழுத ஆள் வேணும்."

பரிமளா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். அந்தத் தலையாட்டல் எதற்கு என்று வீடுவரை தன்னையே கேட்டுக்கொண்டு நடந்தாள்.

அமாவாசைக்குத் தறி ஓடாது. மறுநாள் வேலூர் போனாள். பொன்னம்மாள் சுவரோரக் கட்டிலில், பாதி முகம் கட்டுக்குள் மறைந்து படுத்திருந்தாள்.

"வந்துட்டியா? நீ கத்துனியாமே. கேக்கவே இல்லடி எனக்கு."

"க்கா..."

"டீ குடிக்கப் போனப்பகூட நான் பிளக்கைக் கழட்டல. வெச்சிகினுதான் இருந்தேன்னு மேடம்கிட்ட சொல்லு. எழுதிக்கட்டும். நான் ஒருத்தி கழட்டி உனக்குக் கெட்ட பேர் வந்துடக் கூடாது பாரு."

தன் இடது காதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பரிமளா பஸ் ஏறி வந்தாள். ஆரஞ்சுப் பழத்தை உரித்தாள், சுளையின் நாரைக்கூட விடாமல் எடுத்தாள், கட்டிலின் ஓரத்தில் அடுக்கினாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவளுடைய இடது காதில் பொன்னம்மாளின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் விடியற்காலை, குமரேசன் மோட்டார் சுவிட்சில் கை வைக்கப் போனார்.

"மாமா, போடாதீங்க."

கூடத்தில் ஏழு பேரும் நின்றார்கள். பரிமளா தலைத்துண்டை அவிழ்த்தாள். சட்டையில் இருந்த அட்டையைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"நான் இடது காதுல பிளக்கு வைக்கறதே இல்ல. ஆரம்பத்துல இருந்தே. உங்களை எல்லாம் வைக்கச் சொல்லி டிக் அடிச்சிகினு இருந்தேன். என் தறி எனக்குக் கேக்கணும்னு தொறந்து வெச்சிகினேன். அன்னிக்கி அக்காவோட தறி பிசகினது எனக்குக் கேட்டுச்சி. அக்காவுக்குக் கேக்கல. நான் மூட வெச்சதால கேக்கல."

யாராவது கன்னத்தில் அறைந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. குமரேசன் சட்டைப் பையில் கை விட்டார். தூசிகூடப் படாத ஆரஞ்சு அடைப்பான் ஒன்று அவர் உள்ளங்கையில் இருந்தது.

"எனக்கு வலது காது தொறந்திருக்கும். நீ குறிக்க வந்தா இந்தப் பக்கமா திரும்பிக்குவேன்."

"நான் நுனியை மட்டும் சொருகிக்குவேன்" என்றான் மாணிக்கவேல். எல்லோருக்கும் இளையவன் அவன். தறிக்காரி ராதிகா ஒரு பக்கத்துக் கம்மலை மட்டும் தொட்டுக் காட்டினாள். ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தபோது கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"அப்போ ரெண்டையும் மூடிகினது பொன்னம்மா மட்டுந்தானா?" என்றாள் சின்னம்மா. பொன்னம்மாளின் கூட்டாளி அவள். இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். பரிமளாவின் முன்னால் வந்து நின்றாள். "டிக் அடிக்கத் தெரிஞ்சது உனுக்கு. வாயைத் தொறக்கத் தெரியலையாடி?"

"தெரியல க்கா."

"எனக்குந்தான் தெரியல" என்று சின்னம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பக்கத்துல உக்காந்து சோறு துன்னேன். ஒரு காதைத் தொறந்து வெச்சிக்கடின்னு ஒரு வார்த்தை சொல்லல. சொன்னா நீ எழுதிடுவியோன்னு பயம்."

"காது மேல இன்னா தப்பு?" என்றார் குமரேசன். குரலில் வழக்கமான கேலி இல்லை. "பிளக்கு நல்லதுதான். ரெண்டு தறின்னா ரெண்டு காதையும் மூடிகினு கண்ணால ஓட்டலாம். நாலு தறியை வெச்சிகினு காதை மூடுன்னா எப்படி? ஒருத்தருக்கொருத்தர் ஒளிச்சிகினு இருந்தோம் பாரு, அதுதான் தப்பு."

மோட்டாரைப் போட்டார்கள். ஆளுக்கு இரண்டு தறிக்கு மட்டும் மோட்டார் பட்டையை மாட்டினார்கள். மூலையில் கிடந்த தடுப்புக் கம்பிகளை மாணிக்கவேல் தேய்த்துக் கொண்டுவந்து பூட்டினான். எல்லோர் காதிலும், இரண்டிலும், ஆரஞ்சு நிறம்.

சத்தம் குறைந்தது தெருமுனைக்கே தெரிந்திருக்க வேண்டும். சக்கரவர்த்தி வண்டியின் எஞ்சினை அணைக்காமலே இறங்கினார்.

"இன்னா பாதித் தறி நிக்குது? கரண்ட் இல்லையா?"

குமரேசன் அடைப்பானை எடுத்துவிட்டு, "கரண்ட் கீது மொதலாளி. ஆள்தான் பத்தல. ஏழு பேருக்குப் பதினாலு தறி. மிச்சத்துக்கு ஆள் போடுங்க" என்றார்.

"ஓ, சங்கமா? பிளக்கு வைக்க ஒத்துகினேன், மேடத்தை உள்ள விட்டேன், உங்க காது நல்லா இருக்கட்டும்னு. அதுக்கு இதுதான் மரியாதையா?"

"எங்க காதை நல்லாத்தான் பாத்துகினீங்க. பொன்னம்மா கண்ணு?"

"அது பாட்டு கேட்டுகினு..."

"இல்ல மொதலாளி" என்றாள் பரிமளா. "ரெண்டு காதுலயும் பிளக்கு இருந்துச்சி. நாலு தறி இருந்துச்சி. கம்பி இல்ல. அதைத்தான் மேடம்கிட்ட காலையில போன்ல சொன்னேன். என் காதைப் பத்தியும் சொன்னேன்."

"உன்னைப் படிச்ச பொண்ணுன்னு நம்புனேன்."

"பொன்னம்மாக்காவும் அப்பிடித்தான் நம்புச்சி."

சக்கரவர்த்தி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "களம்பூருக்கு ஒரு போன் போட்டா அரிசி மில் ஆளுங்க சாயங்காலத்துக்குள்ள வந்து நிப்பாங்க. ஒரு வாரத்துல பழக்கிடுவேன்."

"வரட்டும்" என்றார் குமரேசன். "அவனுக்கும் ரெண்டு கண்ணு, ரெண்டு காதுதான். பழைய மீட்டர் கூலி, ஆளுக்கு ரெண்டு தறி, கம்பி, பொன்னம்மா வைத்தியம். இது நாலும் எங்களுக்கு வேணும்."

காலையில் போனில் மேடம் சொன்ன பதிலைப் பரிமளா யாரிடமும் சொல்லவில்லை. "நான் தறியைப் பத்திக் கேக்கவே இல்லையே. இதையும் எழுதறேன். ஆராய்ச்சியைப் பாக்கற எங்க சார் ஒத்துப்பாரான்னு தெரியல, ஆனா எழுதறேன்" என்றாள். தப்பை ஒத்துக்கொள்ளும் அந்தக் குரல் தன் குரல் மாதிரியே இருந்தது பரிமளாவுக்கு.

மத்தியானம் அடுத்த ஷிப்ட் ஆட்கள் வந்தார்கள். முதலாளி வாசலிலேயே நின்று அவர்களிடம் பேசினார், ஒருவன் தோளில் கை போட்டார். உள்ளே ஏழு பேரும் வேலையை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஷிப்டில் மூத்தவர் பலராமன். நெஞ்சுவலிக்காரர், வாய் திறந்து நான்கு வார்த்தை பேசாதவர். அவர் தலைத்துண்டைக் கட்டியபடி உள்ளே வந்தார். நின்றிருந்த தறிகளைப் பார்த்தார், பூட்டியிருந்த கம்பியைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார். குமரேசனின் இரண்டு தறிகளுக்கு முன்னால் போய் நின்று, "நீ கெளம்பு" என்றார். மற்ற இரண்டின் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்களும் ஆளுக்கு இரண்டின் முன்னால் போய் நின்றார்கள்.

வாசலில் சக்கரவர்த்தி யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். நாளைக்கு என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாது. களம்பூர் ஆட்கள் வரலாம், கூடம் பூட்டிக் கிடக்கலாம்.

பரிமளா கைகழுவிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். நாளைக் காலையில் பொன்னம்மாளுக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். அதற்குள் சொல்லிவிட வேண்டும், அந்தக் கண் திறந்து தன்னைப் பார்ப்பதற்கு முன்னால். திறக்காவிட்டாலும்.

வேலூர் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தாள். பின்னாலேயே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சின்னம்மா, அவளுக்குப் பின்னால் குமரேசன், ராதிகா, மாணிக்கவேல், மற்றவர்கள். நூல் தூசி அப்படியே தலையில் இருந்தது.

"நீங்க எதுக்கு க்கா? இது நான் சொல்ல வேண்டியது."

"தள்ளி உக்காரு" என்றாள் சின்னம்மா. "மொதல்ல நீ சொல்லு. அப்பால நான் சொல்றேன். இவங்களும் சொல்லட்டும். திட்டணும்னா எங்க எல்லாரையும் சேத்துத் திட்டட்டும்."

பரிமளா ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள்.