ரெண்டுல போற நம்பருங்க

பஸ்ல உக்காந்துதான் டைப் பண்றேன். மடியில ஒரு பை, உள்ள மிச்ச பேட்ஜ். தூக்கிப் போடவும் மனசு வரல, பாக்கவும் பிடிக்கல.

இன்னைக்கு ஜார்ஜ்டவுன்ல ஒரு தமிழ்ப்பள்ளியில கணித விழா. அன்னமேரி டீச்சர் "தம்பி, ஒரு ஸ்டால் போடுப்பா"ன்னாங்க. எனக்கு பகா எண்ணுன்னா பைத்தியம் லா. ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர எதாலயும் வகுபடாத எண். அதனால பிள்ளைங்க அவங்க ஐசி, அதான் அடையாள அட்டை, நம்பர லேப்டாப்ல தட்டணும், பன்னெண்டு இலக்கம், எம்மாம் பெரிய எண்! பகா எண்ணா இருந்தா பச்சை லைட். "என்னை யாராலும் வகுக்க முடியாது"ன்னு எழுதுன பேட்ஜ் குடுப்பேன்.

சரியான கூட்டம். அஞ்சாம் ஆண்டு படிக்கிற ரூபினி மட்டும் திரும்பத் திரும்ப வரிசையில வந்து நிக்குது. எப்பவும் சிவப்புதான்.

"நம்பர் மாறாதும்மா."

"தப்பா தட்டிட்டேனோன்னுதான் அண்ணே."

பேட்ஜ் வாங்கிக் குத்திக்கிட்ட பையன் கோகிலன் பக்கத்துல நின்னு சிரிக்கிறான். "பொண்ணுங்க நம்பர் எல்லாம் லெம்பிக் லா, கொழகொழ! தொட்டாலே உடைஞ்சிரும்!"

அப்பதான் பாத்தேன். பேட்ஜ் வாங்குனது எல்லாமே பையனுங்க.

ஐசியில கடைசி இலக்கம் ஆம்பளைக்கு ஒத்தை, பொம்பளைக்கு ரெட்டை. ரெட்டைன்னா ரெண்டுல வகுபட்டுப் போயிரும். இந்த நாட்டுல எந்தப் பொண்ணுக்கும் பேட்ஜ் கெடைக்கவே கெடைக்காது. இது எனக்குத் தெரியாததா? தெரியும்! ஆனா புரோகிராம் எழுதுறப்ப என் ஐசிய மட்டும்தான் டெஸ்ட் பண்ணேன். பச்சை வந்துச்சு, குதிச்சேன், அவ்ளோதான்.

அத அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல.

"ரூபினி, பொண்ணுங்களுக்கு வேற ரூல். நம்பர பாதியாக்கணும்." தட்டுனேன். மறுபடி சிவப்பு. டக்குனு ஸ்கிரீன என் பக்கம் திருப்பிட்டு, "பச்சை!"ன்னேன். பேட்ஜ குத்தி விட்டேன்.

அது சிரிக்கல. விரல் விட்டு எண்ணுது.

"அண்ணே, என் நம்பர்ல எல்லா இலக்கத்தையும் கூட்டுனா நாப்பத்திரெண்டு. மூணுல போகும். பாதியாக்குனாலும் மூணுல போகணுமே, அந்த மூணு எங்க போச்சு?"

லேப்டாப்ப மூடுனேன்.

"பாவம்னு குடுத்தீங்களா?"

"கடைசி இலக்கம்மா... பொண்ணுங்களுக்கு எப்பவும் ரெட்டை. நான்தான் யோசிக்கல. சாரி."

பேட்ஜ கழட்டி மேசையில வச்சுச்சு. ஊசிய மூடித்தான் வச்சுச்சு, யாருக்கும் குத்திரக் கூடாதுன்னு. அப்புறம் பின்னால நின்ன பொண்ணுங்கள பாத்து, "நிக்காதீங்க லா. நம்ம எல்லாருமே ரெண்டுல போயிருவோம். இந்த அண்ணனுக்கு முதல்லயே தெரியும்"னுச்சு.

பொண்ணுங்க எல்லாம் பக்கத்து ஸ்டாலுக்குப் போயிருச்சுங்க.

அன்னமேரி டீச்சர் வந்து, "என்ன தம்பி, உங்கிட்ட பையனுங்க மட்டும்தான் இருக்கானுங்க?"ன்னாங்க.