காதுக்கு ஒரு ஃப்ளாட்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. இணைய இதழ் நடத்தும் நண்பர் ஒருவர், 'வீட்டிலேயே எலெக்ட்ரானிக் இசை செய்பவர்கள் கட்டுப்படியாகும் விலையில் ஸ்டூடியோ மானிட்டர் வாங்குவது எப்படி' என்று எழுதித் தரச் சொன்னார். மானிட்டர் என்றால் கம்ப்யூட்டர் திரை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அது ஸ்பீக்கராம். பின்வாங்க மானம் இடம் கொடுக்கவில்லை.

அங்கே இங்கே விசாரித்துக்கொண்டு திரிந்தபோது, தாம்பரம் மார்க்கெட்டில் ஒருவர் வெங்காயம் பொறுக்கிக்கொண்டே போனில் கத்தினார்: "ஃப்ளாட்டா இருக்கணும் சார். சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. ஜோடியாத்தான் வேணும்." பக்கத்தில் நின்ற அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்ததும் கட்டுரையை விட்டுவிட்டேன். நண்பரிடம் இன்னும் சொல்லவில்லை.

2

தொடங்குவதற்கு மூன்று தடவை முயன்றேன்.

'தாம்பரத்தின் மேல் மாலை வெயில் பொன்னாக உருகி—' வேண்டாம். தாம்பரத்தில் வெயில் உருகாது, நம்மைத்தான் உருக்கும்.

'ஒலி என்பது என்ன? ஆதியில்—' இதற்குப் பதில் எழுதினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். நானே போய்விடுவேன்.

'கிரீஷின் பாட்டில் பேஸ் இல்லை.' இது தேவலை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

கிரீஷின் பாட்டில் பேஸ் இல்லை. பேஸ் என்றால் பாட்டின் அடியில் கனமாக ஓடும் சத்தம், காதைத் தாண்டி வயிற்றில் போய் விழுமே, அது. கிரீஷுக்கு சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை, முடிச்சூரில் மாடி அறை. லீவு நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பில் எலெக்ட்ரானிக் பாட்டு செய்வான். வருடக்கணக்காகச் செய்கிறான். அவனைத் தவிர வேறு ஒருவரும் கேட்டதில்லை.

ஆபீஸில் அவனோடு வேலை பார்க்கும் ஆஷா, ஞாயிற்றுக்கிழமைகளில் சேலையூரில் ஜும்பா நடன வகுப்பு நடத்துகிறாள். "ஒரு பாட்டு குடேன், கிளாஸ்ல போட்டுப் பார்க்கிறேன்" என்றாள். கொடுத்தான். அவன் அதைத் தன் பழைய ஹோம் தியேட்டரில் கேட்டுக் கேட்டுச் செய்திருந்தான். அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு: எதைப் போட்டாலும் பேஸைத் தானாகவே கூட்டிக் கொடுக்கும். அதை நம்பி இவன் பாட்டில் பேஸைக் குறைத்து வைத்திருந்தான். வகுப்பின் ஸ்பீக்கரில் போட்டபோது, கரண்ட் பேட்டில் கொசு மாட்டுகிற மாதிரி 'ட்ச் ட்ச்' என்று மட்டும் வந்தது. ஒரு மாமி, "கரண்ட் போயிடுத்தா?" என்று கேட்டார்.

"அடுத்த சண்டே இன்னொரு தடவை போடறேன் கிரீஷ்" என்றாள் ஆஷா. "அப்பவும் இப்படியே இருந்தா சினிமாப் பாட்டுக்கே போயிடுவேன். கோச்சுக்காத."

தன் பாட்டுக்கு ஊரில் யாருடைய காலாவது ஆடிவிடாதா என்று ஏங்கிக் கிடப்பவன் கிரீஷ்.*

* காதலை எதிர்பார்க்காதீர்கள். ஆஷாவுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் இருக்கிறாள். அவளும் நன்றாக ஆடுவாள்.

4

ஹோம் தியேட்டரை நம்பிப் பயனில்லை, மானிட்டர்தான் வாங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு, கிரீஷ் மொட்டை மாடியில் நின்றபடி கடைக்குப் போன் செய்தான்.

"சார், ஃப்ளாட்டா இருக்கணும். சின்னது போதும், ஜோடியா வேணும். இப்ப இருக்கறது சரியில்ல சார், ஏமாத்துது."

தண்ணீர் டேங்க் நிரம்பிவிட்டதா என்று பார்க்க வந்த வீட்டுக்காரம்மா கங்கையம்மாள் அத்தனையையும் கேட்டுவிட்டாள்.

[மானிட்டரில் ஃப்ளாட் என்றால், கூட்டாமல் குறைக்காமல் பாட்டில் உள்ளதை உள்ளபடி ஒலிப்பது. முடிச்சூரில் வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் அடுக்குமாடியான பிறகு, அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தத்தை யாரும் மிச்சம் வைக்கவில்லை. கங்கையம்மாள் மீது தப்பில்லை.]

அவள் கீழே இறங்கிப் போய், ஃப்ளாட் விற்கும் தன் மகன் சம்பத்தை உலுக்கினாள்.

"டேய், மேல கீற புள்ள ரெண்டு ஃப்ளாட்டு வாங்கப் போவுதாம். எவன் கைலயோ பேசிகினு கீது. இந்த வூடு ஏமாத்துதாமே! நீ இன்னாடா தூங்கிகினு கீற?"

5

சம்பத் என்ற இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். வெறும் சிரிப்புக்காகத்தான் இவரைக் கொண்டுவந்தேனோ? ஆமாம், சிரிப்புக்காகத்தான். அவர் மாடி ஏறிவிட்டார், இனித் தடுக்க முடியாது.

"கிரீசு, ஃப்ளாட்டு பாக்கறியாமே? நம்ம கைலயே கீதுபா."

சம்பத்தின் மச்சான் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். அதனால் கிரீஷுக்குச் சந்தேகமே வரவில்லை.

"நிஜமாவா சம்பத்தண்ணா? சுத்தமா ஃப்ளாட்டா?"

"அக்மார்க் ஃப்ளாட்டு."

"பேஸ் எப்படி?"

"பேஸா? பேஸ்மட்டம் மூணடி ஏத்திக் கட்டிக்கீறோம். ரெண்டாயிரத்து பதினஞ்சு மாதிரி இன்னொரு தபா வெள்ளம் வந்தாலும் ஒரு சொட்டு உள்ள வராது."

கிரீஷ் அதை ஒரு உவமை என்று எடுத்துக்கொண்டான்.

"எவ்ளோ கீழ இறங்கும்ண்ணா?" பேஸ் எவ்வளவு ஆழத்துக்குக் கேட்கும் என்பது அவன் கேள்வி.

சம்பத்துக்கு முகம் மாறியது. "இன்னா பேச்சு பேசற? ஆழமா பைல் தூண் போட்டு எழுப்பினது. ஒரு இன்ச்சு எறங்காது!"

"இறங்கலன்னா எனக்கு வேஸ்ட்டுண்ணா. எட்டு இன்ச்னா நல்லா இறங்கும். ஆனா என் பட்ஜெட்டுக்கு அஞ்சு இன்ச்தான்."

இன்ச் என்று அவன் சொன்னது ஸ்பீக்கர் வட்டத்தின் அளவை. கட்டடம் இறங்க வேண்டும் என்று கேட்கிற வாடிக்கையாளரை சம்பத் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் வியாபாரி. "வந்து பாரு, அப்பால பேசு" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

[இவ்வளவு நேரம் இரண்டு பேரில் ஒருவர்கூட 'ஸ்பீக்கர்' என்றோ 'வீடு' என்றோ சொல்லாமல் இருப்பார்களா என்று கேட்காதீர்கள். சொல்லத்தான் வந்தார்கள். நான்தான் வாயைப் பொத்தி வைத்திருந்தேன்.]

6

மூன்றாவது மாடி. புது பெயின்ட் வாசம். கிரீஷ் ஹாலைப் பார்த்தான், படுக்கையறையைப் பார்த்தான், சமையல் மேடைக்குக் கீழேகூடக் குனிந்து பார்த்தான்.

"எங்கண்ணா இருக்கு?"

"இன்னா எங்க? நிக்கிறியே, இதான்."

கிரீஷ் விளக்கினான். விளக்கி முடித்ததும் சம்பத் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தால், சிரிக்கிறார்.

"பேஜாராப் பூட்ச்சு. சரி, ஏறு. அந்தக் கடைய காட்டு."

7

குரோம்பேட்டைக் கடையில் இரண்டு ஜோடி எடுத்து வைத்தார்கள். கிரீஷ் போனிலிருந்து தன் பாட்டைப் போட்டான்.

பெரிய ஜோடியில் பாட்டு அமர்க்களமாக இருந்தது. அதுவும் பேஸை அள்ளிக் கொடுக்கும் ரகம். "இத்த எடு, நெஞ்சு அதுருது பாரு" என்றார் சம்பத்.

சின்ன ஜோடி, ஐந்து இன்ச், ஃப்ளாட். அதில் பாட்டு தோலை உரித்த மாதிரி வந்தது. அடியில் ஒன்றுமே இல்லை. நடுவில் ஏதோ குக்கர் போல விசிலடித்தது. அவன் ஆசை ஆசையாக வைத்த கீபோர்டு அது.

"ரிப்பேர் பீஸுபா இது. கேவலமா கீது" என்றார் சம்பத்.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு சார்" என்று கடைக்காரர் மிகவும் தன்மையாகச் சொன்னார்.

கிரீஷுக்கு அவமானத்தில் காது சுட்டது. அந்தப் பெரியதை வாங்கிக்கொண்டு போய் ஆயுள் முழுக்கத் தனியாகச் சந்தோஷமாக இருக்கலாம் என்று தோன்றியது. உண்மையாகவே கை அதன் பக்கம் போனது. ஆனால் அதில் வேலை செய்தால் ஆஷாவின் ஹாலில் மறுபடியும் இதே கதிதான் என்று அவனுக்குத் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு சின்னதைக் காட்டினான். (நான் இங்கே அவனுக்காகக் கைதட்டினேன். எழுதுகிறவன் கைதட்டக் கூடாது என்பார்கள். தட்டிவிட்டேன்.)

வீட்டில் அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் கங்கையம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "ஃப்ளாட்டுன்றது இத்தானா? இதுல எவன் குடியிருப்பான்?"

கிரீஷ்தான் குடியிருந்தான். சுவரிலிருந்து தள்ளி, காது உயரத்துக்கு ஸ்டூல்களில் இரண்டையும் வைத்து, நடுவில் உட்கார்ந்து அந்த வாரம் முழுக்க அதன் வசவைக் கேட்டான். விசிலை எடுத்தான். அடியிலிருந்து பாட்டை மறுபடியும் கட்டினான்.

8

ஞாயிற்றுக்கிழமை. இதற்கு மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவில் எல்லோரும் வெறி பிடித்து ஆடுகிறார்கள், கீழ்வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுகிறார். அடித்துவிட்டேன். இரண்டாவதில் உண்மையாகவே கரண்ட் போகிறது. கோழைத்தனம், அதையும் அடித்தேன். மூன்றாவதில் சம்பத் அந்தப் பாட்டைத் தன் ஃப்ளாட் விளம்பரத்துக்கு— இல்லை, இதை நான் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஆஷா பாட்டைப் போட்டாள். கிரீஷ் வாசல் பக்கம் செருப்புகளுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு நின்றான். ஸ்பீக்கரிலிருந்து முதல் அடி விழுந்தது:

டும்.

இந்த இடத்தில் தமிழ் எழுத்து என்னைக் கைவிட்டுவிட்டது. டீக்கும் இதே ட, டப்பாவுக்கும் இதே ட. டீயில் அது நாக்கோடு நின்றுவிடும், டப்பாவில் தொண்டை அதிரும். நான் எழுதியிருப்பது டீயின் ட என்றால் சத்தம் மெலிந்துவிட்டது, ஆஷா சினிமாப் பாட்டுக்குப் போய்விடுவாள், கிரீஷ் கதவைச் சாத்திக்கொள்வான். டப்பாவின் ட என்றால் அது வயிற்றில் போய் விழுந்திருக்கிறது, யாரோ ஒருவருடைய கால் அசைந்திருக்கிறது. எழுத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. எழுதிய எனக்கே தெரியாது.

படிக்கிற வாய் உங்களுடையது. மனதுக்குள் படித்துவிட்டுப் போய்விடாதீர்கள், அவன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்தில் யார் இருந்தாலும் பரவாயில்லை. வாயைத் திறந்து, அந்த 'டும்'மை ஒரே ஒரு தடவை, சத்தமாகச் சொல்லுங்கள்.