பாப்பாத்தி கேட்டின் முன் நின்ற நாள்

கூட்டத்துக்குள் போனால் பாப்பாத்திக்கு எடை கூடும். தனியாக இருக்கும்போது நாற்பத்தாறு கிலோ, பத்துப் பேர் நடுவில் அறுபது. ரங்கையா அரிசி மில்லின் எடைமேடையில் அவளை ஏற்றிச் சுற்றிலும் நூறு பேர் வேடிக்கை பார்த்த அன்று முந்நூற்றுப் பன்னிரண்டு. எட்டு வயதில், 1993ல், நாகலாபுரத்திலிருந்து திருப்பதிக்குக் கிளம்பிய பஸ்ஸில் ஆள் நெரிய நெரிய ஏறியதும் பின்பக்க டயர்கள் வெடித்தபோதுதான் இது முதலில் தெரியவந்தது. கண்டக்டர் துலுக்காணம் மூன்று நாள் திட்டித் தீர்த்தார். அதற்குப் பிறகு காலி பஸ்ஸாக வந்தால் ஏறுவாள், இல்லையென்றால் நடப்பாள். சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, இவளுக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊர் அதோடு விட்டுவிட்டது.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திக் களையெடுக்கப் போனாள். அவள் இறங்கிய கழனியில் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்தால் முழங்கால் வரை சேற்றில் புதைந்துபோவாள் என்பதால் ஓரத்தில் தனிப் பாத்தி கொடுத்தார்கள். அந்தக் கூலியில்தான் இரண்டு வயது இளைய தங்கை கலைவாணி திருப்பதியில் இயற்பியல் படித்து ஆராய்ச்சி வரைக்கும் போனாள். ஆராய்ச்சியும் கூட்டத்தைப் பற்றித்தான். வேறு எதைப் பற்றி இருக்கும்? திருச்சானூரில் ஒரு லாட்ஜ் மொட்டைமாடியில் உட்கார்ந்து விசேஷ நாட்களில் தலைகளை எண்ணினாள். புனலில் கேழ்வரகைக் கொட்டினாள், அடைத்துக்கொண்டது. துளைக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாக, விரலை நீட்டியதும் மளமளவென்று இறங்கியது. மனிதர்களுக்கு இன்னொரு கணக்கும் வேண்டியிருந்தது. எல்லோரும் பொறுத்தால் எல்லோருக்கும் நல்லது, ஆனால் பக்கத்து ஆள் பொறுப்பான் என்று யாரும் நம்புவதில்லை. எத்தனையாவது ஆள் முந்தினால் மிச்சப் பேர் பொறுமையை விடுவார்கள் என்பதற்கும் அவளிடம் ஒரு எண் இருந்தது: பதினொன்று.

2010ல் சத்தியவேட்டுப் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனி வேலைக்கு ஆள் எடுத்தது. முதலில் உள்ளே போகும் முந்நூறு பேருக்கு டோக்கன், டோக்கன் இருந்தால்தான் வேலை. வயது இருபத்தைந்துக்குள். பாப்பாத்திக்கு அடுத்த மாதம் இருபத்தாறு. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு மாநிலத்திலிருந்தும் மூவாயிரம் பேர் வந்தார்கள். நம் பக்கத்து வழக்கப்படி வரிசையில் நின்றவை பைகள். சர்டிபிகேட் நகலைக் கட்டைப்பையில் போட்டு, இடத்தில் வைத்துவிட்டு, ஆட்கள் ஓரமாய் நின்றார்கள். பாப்பாத்திக்கு இதைவிட வசதி ஏது? நாற்பத்தோராவது இடத்தில் பையை வைத்துவிட்டு, இரண்டு பர்லாங் தள்ளி ஒரு புளியமரத்தடியில் நாற்பத்தாறு கிலோவாகவே காத்திருந்தாள். துணைக்கு வந்த கலைவாணிதான் கம்பெனி கேட்டுக்கு அருகே போய்ப் பார்த்தாள். கேட்டில் ஒரு கதவைத்தான் திறப்பார்களாம், எட்டடி அகலம். திறந்ததும் மூவாயிரம் பேரும் குனிந்து பையை எடுப்பார்கள். பின்னாலிருந்து தள்ளும்போது குனிந்தவர் நிமிர முடியாது.

ஒன்பதரைக்கு, டோக்கன் இருநூறுதான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். பிறகு மூன்று பேர். முந்தியவர்கள் ஏழு பேர் ஆனதும் கலைவாணி மரத்தடிக்கு ஓடினாள்.

"அக்கா, கேட்டுக்கு நாலடி முன்னால, கொஞ்சம் எடப்பக்கமா நீ போயி நிக்கணும்."

"நின்னா டோக்கன் எப்டிடி வாங்கறது?"

கலைவாணி கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் அக்காவிடம் கேட்டு வாங்கியது போதாதென்று இதையும் கேட்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"நிக்கலன்னா இன்னா ஆவும்?"

"பதினாலு பேரு செத்துப்பூடுவாங்க. ரெண்டு கூடலாம், கொறயலாம்."

"என் பை அங்க கீது," என்றாள் பாப்பாத்தி. சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி விட்டு நடந்தாள்.

பாதி வழியில் அவள் காலடியில் தார் அமுங்கத் தொடங்கியது. கேட்டருகே சிமெண்ட் தளம் விரிசல் விட்டது. கணுக்கால் இறங்கியது, பிறகு முழங்கால். பதினோராவது ஆள் முந்தினார், கதவு திறந்தது, மூவாயிரம் பேரும் ஒரே உடம்பாக வந்து மோதினார்கள். அவள் அசையவில்லை. அவள் முதுகில் பட்டுக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. குனிந்தவர்கள் நிமிர இடம் கிடைத்தது. கேழ்வரகு மாதிரி உள்ளே இறங்கினார்கள். அவளைத் திட்டாமல் போனவர்கள் குறைவு. நாற்பது நிமிடம் கலைவாணி வாட்சைப் பார்க்காமல் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவரும் சாகவில்லை. ஒரு பெண்ணின் சுண்டுவிரல் மட்டும் உடைந்தது. நாற்பத்தோராவது பை எங்கே போனதென்று தெரியவில்லை.

மத்தியானத்துக்குள் ஆட்கள் கலைந்தார்கள். எடை இறங்க இறங்கப் பாப்பாத்தி காலை உருவி வெளியே வந்தாள். முழங்காலுக்குக் கீழே தோல் இல்லை. "டோக்கன் எதுனா மிச்சம் கீதா?" என்று கேட்டாள். இல்லை என்றதும், "சரி வா, பஸ்ஸு இப்ப காலியா இருக்கும்," என்றாள்.

அதன் பிறகு ஆள் எடுக்கும் கம்பெனிகள் நாகலாபுரத்துக்குச் சொல்லி அனுப்பின. வேலைக்கு எடுக்க அல்ல, நிற்க. காலி வேன் ஒன்று வரும், அவள் போய் நின்றுவிட்டு வருவாள். 2013ல் கலைவாணியின் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது. வாசலுக்கு முன்னால் ஒரு தூண் நின்றால் கூட்டம் பிழைக்கும் என்பது அதன் முடிவு. தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, அந்தத் தூண் எதனால் ஆனது என்று கேட்டார்.

"எங்க அக்கா, சார்."

அவர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.