வெள்ளை விழாத சிவப்பு

அக்காவைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே அத்தான் எனக்கு ஆய்வு வழிகாட்டி. என்னைப் பார்க்க லேபுக்கு வந்த அக்கா அவர் பேச்சில் விழுந்துவிட்டாள். பேசத் தெரிந்த மனிதர்தான், அதை மறுக்கமாட்டேன். பைப்பெட் பிடிக்கத்தான் வராது.

எங்கள் பிழைப்பு ஈஸ்ட். ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் அதே ஜந்து. அதன் குரோமோசோமில் சில பகுதிகளைச் செல்லே வாயடைத்து வைத்திருக்கும். அங்கே எந்த ஜீனைச் செருகினாலும் அதற்கும் அதே கதிதான். நாங்கள் செருகிய ஜீன் வேலை செய்தால் தட்டில் வளரும் புள்ளி வெள்ளையாக இருக்கும். அது அடங்கிப்போனால் சிவப்பு. ஆனால் இந்த அடக்குமுறை ஒருநாளும் முழுசாக நடக்காது. எங்கேயாவது ஒரு செல் திமிறிக்கொண்டு கிளம்பும், அதன் வாரிசுகளும் பின்னாலேயே வரும். அதனால் உண்மையான சிவப்புப் புள்ளிகளில் அங்கங்கே வெள்ளைக் கீற்று ஓடும். நேற்று லேபில் சேர்ந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

அந்தப் பகுதியின் ஓரத்தில் டிஎன்ஏ நகலெடுப்பு தொடங்கும் இடம் ஒன்று உண்டு. அதை வெட்டி எறிந்தால் அடக்குமுறை தளருமா என்பதுதான் என் ஆய்வு. வெட்டும் வேலையை மட்டும் அத்தான் தானே செய்வேன் என்று அடம்பிடித்தார். கைராசியாம். சனிக்கிழமை மத்தியானம் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, அக்காவைப் படமெடுக்கச் சொல்லி, ஒருவழியாக வெட்டி முடித்தார்.

தட்டு முழுக்கச் சிவப்பு. மருந்துக்குக்கூட வெள்ளை இல்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை. அத்தானோ தலைகால் புரியாமல் ஆடினார். தளரவில்லை, அடக்குமுறை முழுமையாகிவிட்டது என்று கருத்தரங்கு கருத்தரங்காகப் போய் முழங்கினார். சோதித்துப் பார்க்கலாமே என்று நான் வாயைத் திறந்தபோதெல்லாம், "சந்தேகப் பிராணி" என்று சிரித்தே அடக்கினார். என் ஆய்வேடு மொத்தமும் அந்தச் சிவப்பின் மேல்தான் எழுந்து நின்றது.

வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த அடக்குமுறையைக் குலைக்கும் வைட்டமின் ஒன்று இருக்கிறது. அதைக் கலந்த தட்டில் பழைய ஈஸ்டையும் அத்தானின் ஈஸ்டையும் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்தேன். பழையது வெளுத்தது. அத்தானுடையது அசைந்து கொடுக்கவில்லை. ஜீன் இருக்கிறதா என்று நேராகவே காட்டிவிடும் பிசிஆர் சோதனையும் போட்டேன். ஜீன் இருக்கவேண்டிய இடத்தில் ஜீனே இல்லை. ஜீன் அடங்கினாலும் சிவப்பு, அடியோடு இல்லாமல் போனாலும் சிவப்புதான். ஓரத்தை வெட்டப்போன கைராசி, ஜீனையும் சேர்த்து வழித்து எறிந்திருக்கிறது. இல்லாத ஜீனை அடக்கிவிட்டேன் என்று ஊர் ஊராய் மாலை வாங்கியிருக்கிறார் மனுஷர்.

தட்டைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன்.

"பாத்தியா! அந்த வைட்டமினுக்கே மசியல. எவ்வளவு உறுதியான அடக்கம்!"

"ஜீனே இல்ல அத்தான். பிசிஆர் பாருங்க."

"பிசிஆர் ஆயிரம் காரணத்துக்கு வராமப் போகும்."

"பழைய ஈஸ்டுக்கு வந்திருக்கே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தேர்வுல கேட்டா தட்டை மட்டும் காட்டு. உனக்குப் பட்டம் வேணுமா, வேணாமா?"

வேண்டும்தான். அதற்காகத்தானே இத்தனை வருடமாக இந்த மனிதரைப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

தேர்வன்று அக்கா முன்வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாள் சிவப்புத் தட்டின் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"ஒரு வெள்ளைக் கீற்றுகூட இல்லையே. அடக்குமுறையைக் குலைச்சுப் பாத்தீங்களா?"

எனக்கு முன்னால் அத்தான் முந்திக்கொண்டார். "எல்லாம் பாத்தாச்சு மேடம். அப்பவும் சிவப்புதான். சொல்லும்மா."

அந்த 'சொல்லும்மா'வில் இருந்த தெனாவட்டைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்துபோனது. பிசிஆர் படத்தைத் திரையில் போட்டேன்.

"சிவப்புதான் மேடம். ஏன்னா ஜீன் அங்க இல்ல."

தேர்வாளர் மெதுவாகக் கேட்டார்: "அப்போ உங்க ஆய்வேட்டுல மிச்சம் என்ன இருக்கு?"

"முன்னுரை இருக்கு மேடம்."

பட்டம் இல்லை, முதலிலிருந்து செய்துவிட்டு வரவேண்டும் என்று அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். அவர் முடிப்பதற்குள் அத்தான் எழுந்துவிட்டார்.

"தப்பு எங்க லேப்ல நடந்தது. கண்டுபிடிச்சதும் எங்க லேப். உங்க முன்னாடி ஒளிக்காம வைக்கிறதும் எங்க லேப். இந்த நேர்மையத்தான் நான் என் மாணவர்களுக்குக் கத்துக்குடுக்கறேன்."

குரல் தழுதழுத்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. கைதட்டல் கிளம்பியது. முதலில் தட்டியது என் அக்கா.

வராந்தாவில் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. எனக்காகத்தான் என்று ஒரு நொடி நம்பிவிட்டேன்.

"நீ பண்ணின தப்புக்கு அவர் எவ்வளவு பெருந்தன்மையா பேசினார் பாத்தியா? போய் நன்றி சொல்லிட்டு வாடி."