நகர்ந்ததா, நகரவில்லையா

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ரயில்களுக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மர்களைச் சோதிப்பது என் அக்காவின் வேலை. முந்தாநாள் சாப்பிடும்போது, "உள்ளே செம்புச் சுற்று நகர்ந்திருக்கா இல்லையான்னே தெரியலடா" என்று தட்டைத் தள்ளினாள். ஆகா, கதை சிக்கியது என்று துள்ளினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

2

'டிரான்ஸ்பார்மர் உறுமியது. புகை கக்கியபடி அது—'

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "புகை வந்தா என்னை எதுக்குடா கூப்பிடறாங்க? வெளியே ஒண்ணுமே தெரியாது. அதான் பிரச்சினையே!"

சரி, தாயே. அந்த வரியை அடித்துவிட்டேன்.

3

லைனில் ஷார்ட் சர்க்யூட் ஆகும்போதெல்லாம் உள்ளிருக்கும் செம்புச் சுற்றுகள் உதை வாங்குகின்றன. நகர்ந்திருந்தால், அடுத்த உதையில் வெடிக்கலாம். அதனால் அதிர்வெண்ணை மாற்றி மாற்றிச் சிறு மின்னழுத்தம் கொடுத்து ஒரு வளைகோடு எடுப்பார்கள். டிரான்ஸ்பார்மர் புதிதாக இருந்தபோது எடுத்த கோட்டோடு அது ஒட்டினால், சுற்று நகரவில்லை.*

* இந்தப் பத்தியைத் தாண்டிக் குதித்தவர்கள் திரும்பி வாருங்கள். நான் திட்டு வாங்கிப் படித்தது.

4

அக்கா எடுத்த கோடு ஒட்டவில்லை. பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது: மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் 'டேப்' சுவிட்சைப் பழைய சோதனையில் இருந்த நிலைக்குத் திருப்பாமலே கோடு எடுத்திருக்கிறாள்.

(இங்கேயே 'சுபம்' போடக் கை அரித்தது.)

திருப்பி வைத்து மறுபடி எடுத்தாள். ஒட்டியது, நடுவில் ஓரிடம் தவிர. அங்கே மயிரிழை இடைவெளி.

"மயிரிழைதானே, விட்டுத்தள்ளேன்."

"விட்டுத்தள்ளிட்டு நீயா பக்கத்துல நிக்கப்போற?"

நிற்கப்போவது டிரான்ஸ்பார்மர் இருக்கும் யார்டின் ஊழியர். சோதனை முடிந்து முதலில் மின்சாரம் விடும்போது பக்கத்தில் நின்று சத்தம் கேட்பது அவர் பொறுப்பு. அவர் குரலுக்காக எல்லோரும் அவரை 'ஒலிபெருக்கி' என்பார்கள்.

5

மூன்று முடிவு எழுதினேன். ஒன்றில் அக்கா மின்சாரம் விடக் கூடாது என்கிறாள்; பாதி ரயில்கள் மாதக்கணக்கில் ஓடவில்லை, ஊரே அவளைக் கரித்துக்கொட்டுகிறது. இன்னொன்றில் விடலாம் என்கிறாள், ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதைப் படித்துவிட்டு அவளே கிழித்துப்போட்டாள்.

"அப்போ நீ என்னதான் சொன்னே? அதைச் சொல்லித் தொலையேன்!" என்று கத்தினேன்.

"இன்னும் சொல்லலடா. நாளைக்குள்ள சொல்லணும்."

எனக்குப் பயமாகிவிட்டது. நடந்து முடிந்ததைத்தான் எழுதுகிறேன் என்று இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடாமலே வீடெல்லாம் கேட்டது.

"மேடம், நாளைக்கு நான் எத்தனை மணிக்கு வந்து நிக்கணும்?"

அக்கா என்னைப் பார்க்கிறாள். என்னை ஏன் பார்க்கிறாள்? நான் வெறும் கதை எழுதுகிறவன். அவர் லைனில் காத்திருக்கிறார். நீங்களாவது ஏதாவது சொல்லுங்களேன்.