ஒரே திருப்பில் எடுக்கும்

"அக்கா, கொஞ்சம் கீழ பிடி. நழுவுது," என்றான் தம்பி, காருக்கு அடியிலிருந்து. குனிந்து கையைக் கொடுத்தேன். எஞ்சினைக் கிளப்புகிற பழைய ஸ்டார்ட்டர் மோட்டார் என் இரண்டு உள்ளங்கைகளிலும் வந்து உட்கார்ந்தது. பிறந்த அன்று என் மகள் இதில் பாதி கனம்கூட இல்லை. கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கேறி, ஒரு பக்கம் புகைக்குழாயின் சூட்டில் வெந்து நிறம் மாறிக் கிடந்தது. போன வாரம் தண்டவாளத்தின் நடுவில் "டக்" என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது இதுதான். மெதுவாகத் தரையில் வைத்திருக்கலாம். போட்டேன். சிமெண்டில் ஒரு சில்லு பெயர்ந்தது.

"மெதுவா," என்றார் என் கணவர். தரைக்காகச் சொன்னாரா மோட்டாருக்காகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. தெரிந்ததுதானே.

அவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்க மாத்திரை எண்ணிக் கொடுக்கிற மனிதர், குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இந்தக் காரை எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிவிட்டார். வாங்கும்போது அது கார் இல்லை, துருப்பிடித்த கூடு. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, அந்தக் காலத்தில் பந்தயத்தில் ஓடிய ரகம். ஒவ்வொரு திருகாகச் சேர்த்து அதை எழுப்பி நிறுத்தினார். வீட்டுக்குள் செருப்போடு வருகிறவர், காருக்குள் ஏறும்போது மட்டும் காலைத் தட்டிவிட்டு ஏறுவார். நான் சொல்லிக் காட்டினால் சிரிப்பார். இன்னும் வேகம் வேண்டும் என்று அகலமான புகைக்குழாய்களை மாட்டினார். அவை ஸ்டார்ட்டரை உரசிக்கொண்டு போயின. எஞ்சின் சூடேறிவிட்டால் மோட்டாரும் சூடேறிவிடும், சாவியைத் திருப்பினால் அசையாது. அதனால் எங்கே போனாலும், உருட்டிவிட்டுக் கிளப்ப வசதியாக, இறக்கமாகப் பார்த்துத்தான் நிறுத்துவார். கடை எங்கே இருந்தாலும் சரி, இறக்கம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நான் நடக்க வேண்டும். இதற்கெல்லாம் பழகிவிட்டேன். பழகியதுதான் தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

தண்டவாளம் சமதளம். அங்கே இறக்கம் கிடையாது.

அன்றைக்கு ரயில்வே கேட் திறக்கிறவரை வரிசையில் வெயிலில் நின்றதில் எஞ்சின் கொதித்துப்போயிருந்தது. திறந்ததும் நகர்ந்தோம், நட்டநடுவில் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினார். டக். மறுபடி திருப்பினார். டக். கேட்டின் மணி அடிக்கத் தொடங்கியது. கேட்காரர் சிவப்புக் கொடியோடு கூண்டிலிருந்து ஓடி வந்தார். நான் பின்சீட்டிலிருந்த பாப்பாவை முன்சீட்டுக்கு மேலாக இழுத்து வெளியே எடுத்து, இடுப்பில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடினேன். அவர் கூடவே வருகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். "இறங்குங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். கடையில் அவசரப்படுகிற ஆளிடம் காட்டுவாரே, கொஞ்சம் இருங்க என்று, அதே விரல். பிறகு தலையைக் குனிந்து மறுபடியும் சாவியைத் திருப்பினார். எங்கோ ரயிலின் ஊதல் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டி, நியூட்ரலில் போடச் சொல்லி, தள்ளி வெளியே கொண்டுவந்தார்கள். கேட் இறங்கியது. ரயில் போனது. அவர் இறங்கி வந்து முதலில் பானெட்டைத் திறந்தார்.

அன்று படுக்கும்போது பாப்பா கேட்டாள்: "அப்பா பக்கக் கதவு தெறக்கலையாம்மா?"

"ஆமாடா. சிக்கிக்கிச்சு," என்றேன்.

வேறு என்ன சொல்வது. அவளிடம் சொல்வதற்கு என்னிடம் இருந்தது அந்த ஒரு பதில்தான். எனக்கே சொல்லிக்கொள்ள அதுகூட இல்லை. அதற்குப் பிறகு அவள் அந்தக் காரைச் சுவரோரமாக ஒதுங்கித்தான் கடக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு என்னோடு பஸ்ஸில் போகிறாள்.

இவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எடை குறைந்த, புது மாதிரி மோட்டார் ஒன்றை எங்கிருந்தோ வரவழைத்தார். இரண்டு மூன்று நாள் கழித்து, காப்பியை ஆற்றிக்கொண்டே, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோல, "அந்த ரயில்ல எத்தன பேர் இருந்திருப்பாங்க, யோசிச்சுப் பாரு. வண்டிய அப்படியே விட்டுட்டு வந்திருந்தா?" என்றார். நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் அன்றைக்கு அந்தச் சீட்டில் அவரோடு உட்கார்ந்திருந்ததா, இல்லை வீடு வந்து யோசித்ததில் கிடைத்ததா? அவர் முகத்தைப் பார்த்தேன். காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவரே ஒரு ஒப்பந்தம் சொன்னார். புது மோட்டார் மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஒரே திருப்பில் எடுத்தால், அன்று சாயங்காலம் பாப்பாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து அதே காரில் போய்க் கூட்டிவருவது. எடுக்காவிட்டால் காரை விற்றுவிடுவது. விற்பது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். ஓட்டுவது நான்.

அதற்காகத்தான் தம்பியின் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறோம். தம்பி வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கிறவன். வாய் ஓயாது. "பாருங்க மாமா, இது மோட்டாரா பொம்மையா? ஒரு கையில தூக்கறேன்," என்று புதியதைத் தூக்கிக் காட்டினான். பாதி எடைகூட இல்லை. சின்ன மோட்டார் வேகமாகச் சுற்றும், உள்ளே இருக்கிற பல்சக்கரங்கள் அந்த வேகத்தைப் பலமாக மாற்றும், பேட்டரியை அதிகம் உறிஞ்சாது, புகைக்குழாயை விட்டும் தள்ளி உட்காரும் என்று எனக்கு விளக்கினான். நான் தலையாட்டினேன். இவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்கு ஊசி போடும்போது பார்க்கிற மாதிரி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட்டி முடித்ததும் தம்பி எழுந்து கையைத் துடைத்தான். "மாமா, ஏறி ஒரு தடவ சாவியத் திருப்புங்க."

காலைத் தட்டிவிட்டு ஏறினார். சாவியைத் திருப்பினார். பழைய மோட்டார் இழுத்து இழுத்து முனகும். இது உயர்ந்த குரலில் விர்ரென்று சுழன்றது, எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. தம்பி கட்டை விரலைத் தூக்கினான். தூக்கிய விரல் அப்படியே நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அதன் மேலே அந்த விர்ர் சத்தமும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. சாவியை விட்டாகிவிட்டது, மோட்டார் விடவில்லை. இவர் எஞ்சினை அணைத்தார். அப்போதும் விடவில்லை. பல்லில் பல் மாட்டிக்கொண்டு அணைந்த எஞ்சினைத் தனியாகப் போட்டுச் சுற்றியது. சூடான ரப்பர் நாற்றம் வந்தது.

"மாமா, எறங்குங்க. பேட்டரி கேபிளப் புடுங்கப் போறேன், பொறி பறக்கும். எறங்குங்க மொதல்ல."

அவர் இறங்கவில்லை. சாவியைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார். "ஒரு நிமிஷம், மாப்ள," என்றார். தம்பி காத்திருக்கவில்லை. ஸ்பேனரைப் போட்டுக் கேபிளை இழுத்தான். நீலமாக ஒரு பொறி பறந்து, சத்தம் இறங்கி நின்றது. என் கை பக்கத்து மேஜையின் விளிம்பைப் பிடித்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். பயத்தைவிட எனக்குக் கோபம்தான் அதிகம் வந்தது. அது தம்பி மேல் இல்லை.

தம்பி பானெட்டுக்குள் தலையை விட்டவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவன் பேசாமல் இருந்தால் தப்பு அவனுடையது என்று அர்த்தம். "பழசுக்கு உண்டான வயரிங்கையே இதுக்கும் கட்டிட்டேன்கா," என்றான் கடைசியில். பழைய மோட்டாருக்குச் சுவிட்ச் பானெட்டுக்குள் பக்கவாட்டுத் தகட்டில் தனியாக இருந்தது; புதியது சுவிட்சையும் தன்மேலேயே சுமந்துகொண்டு வந்திருக்கிறது. இவன் புதிதாக வயர் இழுக்கிற வேலையை மிச்சம் பிடிக்க, அந்தச் சுவிட்சின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு துண்டுக் கம்பியைப் பாலம் போட்டுவிட்டான். சாவியை விட்ட பிறகும் மோட்டாருக்குப் போகிற பேட்டரி மின்சாரமே அந்தப் பாலம் வழியாகத் திரும்பி வந்து அதன் சுவிட்சைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. "நாம விட்டாலும் அது தன்னையே புடிச்சுக்கும்," என்றான். பாலத்தை எடுத்தான். சாவியிலிருந்து வருகிற மெல்லிய வயரைத் தனியாக நீட்டிப் புது சுவிட்சில் கட்டினான். மறுபடி சாவியைத் திருப்பிப் பார்த்தோம். எடுத்தது, விட்டது. எடுத்தது, விட்டது.

"இனிமே பயமில்ல," என்றார் என்னிடம். நான் சாவிக்காகக் கையை நீட்டினேன்.

சூடேற வேண்டும் என்று ஊரைச் சுற்றினேன். ஏற்றங்களில் சின்ன கியரிலேயே ஏற்றினேன். அவர் பக்கத்துச் சீட்டில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, எஞ்சினை நான் கதறவைக்கிறபோதெல்லாம் மூச்சை உள்ளே இழுத்தார். சூட்டு முள் மேலே போய் நின்றது. அதற்குப் பிறகு எங்கேயாவது ஓரமாக நிறுத்தி, அணைத்து, எடுத்துப் பார்த்தால் போதும். அதுதான் ஒப்பந்தம். நான் ரயில்வே கேட்டுக்குத் திருப்பினேன்.

"இங்க எதுக்கு?" என்றார்.

கேட் மூடியிருந்தது. முன்னால் யாரும் இல்லை, நாங்கள்தான் முதலில். கேட்காரர் எங்கள் காரைப் பார்த்ததும் கூண்டிலிருந்து எழுந்து வெளியே வந்து நின்றுகொண்டார். மனிதர் மறக்கவில்லை. ரயில் கடந்தது. கடைசிப் பெட்டி போய், தண்டவாளம் வெறுமையாகி, கேட் உயர்ந்தது. ஒரே பாதைதான், இப்போதுதான் ஒன்று போயிருக்கிறது, அன்றைக்குப் போல உடனே அடுத்தது வருகிற நேரமில்லை, விசாரித்து வைத்திருந்தேன். இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன், புத்தி பிசகிச் செய்யவில்லை.

நடுவில் கொண்டுபோய் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன்.

"என்ன பண்ற?"

"எறங்குங்க," என்றேன்.

"சாவியத் திருப்பு. அது எடுக்கும்."

"தெரியும். எறங்குங்க."

சாவியை அதிலேயே விட்டுவிட்டு நான் இறங்கினேன். கதவைச் சாத்திவிட்டு நடந்தேன். பின்னால் ஹாரன்கள் தொடங்கின. கேட்காரர் விசில் ஊதினார். அன்றைக்குப் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அதே இடத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் அவர் முகம் தெரிந்தது. இறங்குங்க, இறங்கி என்னிடம் வாங்க என்று மனதுக்குள் கெஞ்சினேன். வேறு எதற்காகவும் நான் அவரிடம் இப்படிக் கெஞ்சியதில்லை. அவர் பக்கம் ஒரு கதவு இருந்தது. கையை நீட்டினால் எட்டும்.

அவர் விரலை உயர்த்திக் காட்டினார். இரு.

பிறகு அந்தக் கதவைத் தொடாமல், கியர் கம்பிக்கு மேலாகக் காலைத் தூக்கிப் போட்டு, முட்டி இடித்து, தலை கூரையில் மோதி, உள்ளேயே நகர்ந்து நகர்ந்து ஓட்டுகிற சீட்டுக்கு வந்தார். அந்த விர்ர் சத்தம் கேட்டதா இல்லையா என்பதற்குள் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவ்வளவு கொதிப்பில், ஒரே திருப்பில்.

என்னைத் தாண்டிக் கொண்டுவந்து ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு. "பாத்தல்ல? ஒரே திருப்பு. நீ இன்னும் நம்பலையோன்னு நெனச்சேன். ஏறு, பாப்பா காத்துக்கிட்டிருப்பா."

நான் ஏறவில்லை. காரைச் சுற்றி அவர் பக்கமாக வந்தேன். கைப்பிடியை இழுத்தேன். கதவு திறந்துகொண்டது.

"என்ன?" என்றார்.

"தெறக்குதான்னு பாத்தேன்."

"அது எப்பவும் நல்லாத்தானே தெறக்கும்."

"பாப்பாகிட்ட, அன்னைக்குச் சிக்கிக்கிச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

சிரிப்பு உதட்டில் அப்படியே இருந்தது, கண்ணிலிருந்து போய்விட்டது. பின்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக எங்களைத் திட்டிக்கொண்டே கடந்துபோயின. அவர் சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திறந்த கதவைப் பார்த்தார். ஒரு காலை மெதுவாக எடுத்து வெளியே மண்ணில் வைத்தார். இன்னொரு கால் பெடலில் இருந்தது. எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.