கட்டிப்போட்டுப் பெண் கேட்டவன்

கழுத்து வலிக்குச் சிகிச்சைக்கு வந்த தையல்காரம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலுக்கடியில் தலையணை கொடுக்கும்போதே பிசியோதெரபிக்காரன் முடிவு செய்துவிட்டான். இன்றைக்கு எப்படியாவது அவருடைய மகளைப் பெண் கேட்டுவிட வேண்டும். இன்றும் வாய் திறக்காவிட்டால் வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொள்வதாக அவள் காலையில்தான் மிரட்டியிருந்தாள்.

பிறர் கழுத்தைப் பிடிக்கும் தைரியம் அவனுக்கு உண்டு. முகம் பார்த்துப் பேசும் தைரியம்தான் கிடையாது. அதனால் ஒரு திட்டம் வைத்திருந்தான். கழுத்தை இழுக்கும் கருவியின் வார் தாடையில் ஏறிவிட்டால் யாராலும் வாயைத் திறக்க முடியாது. அப்போது கொட்டிவிட்டால், திட்டு விழுவது கால் மணி நேரமாவது தள்ளிப்போகும்.

பின்மண்டைக்கு அடியில் ஒரு வார், மோவாய்க்கு அடியில் ஒன்று. இழுப்பு மண்டையைப் பிடிக்க வேண்டும், தாடையைப் பிடித்தால் பல் வலிக்கும். மோவாயைச் சற்றுத் தாழ்த்தினான். வலித்தால் அழுத்தச் சொல்லி, கருவியை நிறுத்தும் பொத்தானைக் கையில் கொடுத்தான். கொடுக்காமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு கெட்ட எண்ணம் எட்டிப்பார்த்தது. கயிறு மெல்ல இறுகியது.

கூரையைப் பார்த்தபடி ஒரே மூச்சில் ஒப்பித்தான். காதல், குடும்பம், தனக்குச் சமைக்க வரும் என்ற பொய் உட்பட.

"எழுந்து உக்காந்திருக்கறப்ப கேட்டிருக்கலாமே. கட்டிப்போட்டுத்தான் பொண்ணு கேக்கணுமா தம்பி?"

குரல் கட்டிலிலிருந்துதான் வந்தது. தாடை இம்மியும் அசையவில்லை. பாதி ஆயுளை உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே வாடிக்கைக்காரர்களை அதட்டிக் கழித்தவருக்கு இந்த வார் எம்மாத்திரம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பதறிப்போய்க் கருவியை அணைக்கப் போனான். வேண்டாம், இழுப்பு சுகமாக இருக்கிறது என்றார். மகளுக்குச் சம்மதமா என்று கேட்டார். அவள்தான் விரட்டியனுப்பினாள் என்று கூசாமல் போட்டுக்கொடுத்தான். அவர் சிரிக்க, கயிறு ஆடியது.

"சிரிக்காதீங்கம்மா, கழுத்து நகருது."

சிரிப்பு அடங்கியது. கண்கள் மட்டும் அவனை மேலும் கீழும் அளந்தன. திரும்பி நிற்கச் சொன்னார். நின்றான்.

"இடது தோள் இறங்கியிருக்கு. கல்யாணக் கோட்டுல அந்தப் பக்கம் பஞ்சு வச்சுத் தைக்கணும்."

வருகிறவர்களையெல்லாம் நிமிர்ந்து நில்லுங்கள் என்று உயிரை வாங்குகிறவன், அந்தக் கோணல் தோளோடு திரைக்குப் பின்னால் போய் ஒரு குதி குதித்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பி வந்தான்.

"இழுப்பு போதுமா, அத்தை?"